ஐந்தரை மணித்தியாலம் முன்னால்

மின்சாரம் திரும்பி வந்ததும் கணினி தானாகவே உயிர்பெற்று, எந்தப் பக்கம் போவது என்று பத்து விநாடி கேட்டுப் பார்த்துவிட்டு, பதில் சொல்ல ஆளில்லாததால் அவள் கணவன் குலசிங்கத்தின் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தது. கையைத் துடைத்தபடி பூரணி குசினியிலிருந்து வந்தபோது திரையின் மூலையில் மாலை 6.40 என்றிருந்தது. வெளியே ஆவணி மாதத்து மத்தியான வெயில் மதிலில் எரிந்துகொண்டிருந்தது. சுவர் மணிக்கூட்டில் ஒன்று பத்து.

அது அவளுக்குப் பழகிய பிழைதான். அந்த ஒரே பெட்டிக்குள் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. விண்டோஸ் அவளுடைய வேலைக்கு. லினக்ஸ், துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் எழுதுவினைஞராக இருந்த கணவன் ஆசைக்குப் போட்டுக்கொண்டது. பெட்டிக்குள் ஓடும் நேரத்தை லண்டன் நேரம் என்று நினைத்து லினக்ஸ் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டிக் காட்டும் என்று அவன்தான் சொல்லியிருந்தான்.

ஆனால் திரையின் நடுவில் இருந்த கோப்பை அவள் முன்னர் கண்டதில்லை. 'முறைப்பாடு' என்று பெயர். சேமித்த நேரம் 6.35. அந்தக் கணக்கில் ஐந்து நிமிடத்துக்கு முன்னர். அப்போது வீட்டில் மின்சாரமே இருக்கவில்லை.

சுழியோடிகளை விரட்டத் துறைமுகத் தண்ணீருக்குள் கடற்படை போடும் வெடியொன்று அமுங்கிய சத்தத்தோடு எழுந்து யன்னல் கண்ணாடிகளை நடுக்கிவிட்டு அடங்கியது. டீசலும் கடற்பாசியும் கலந்த வாடை அறைக்குள் வந்தது. அவள் கோப்பைத் திறந்தாள்.

இரண்டாயிரத்து ஆறிலிருந்து, காணாமற்போனவர்களின் வீட்டார் அவளிடம் வந்துதான் மனு தட்டச்சு செய்வித்துப் போனார்கள். அந்த வசனங்கள் அவள் விரல்களுக்கு மனப்பாடம். இதுவும் அவளுடைய வசனந்தான். அவள் விடும் அதே எழுத்துப்பிழைகூட இருந்தது.

'எனது கணவர் குலசிங்கம், வயது 41, இன்று பிற்பகல் 4.15 மணியளவில் உட்துறைமுக வீதியில் சைக்கிளில் வரும்போது இனந்தெரியாதோரால் கொண்டுசெல்லப்பட்டார்.'

இன்றைய திகதி. நான்கேகாலுக்கு இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது.

தொலைபேசியில் அவன் குரல் கேட்டதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

"இஞ்சேருங்கோ, இப்பவே வெளிக்கிட்டு வாங்கோ. உட்துறைமுக வீதியால வர வேண்டாம்."

"என்ன பூரணி, என்ன நடந்தது?"

"கேக்காதேங்கோ. வாங்கோ."

இரண்டரைக்கு அவன் வந்தான். அவள் படலையைப் பூட்டினாள், முன்கதவைப் பூட்டினாள், யன்னல்களைச் சாத்தினாள். அடைபட்ட சூட்டில் கணினியின் விசிறி இரைந்துகொண்டிருந்தது. நடந்ததை அவள் சொல்லி முடிக்க, வியர்வை வழிய அவன் கதிரையில் இருந்து வாசித்தான்.

"வீதியில எண்டு ஒண்டும் இல்லையே. வீட்டில வைச்சு எண்டெல்லோ கிடக்கு."

அவள் எட்டிப் பார்த்தாள். 'பிற்பகல் 4.15 மணியளவில் எமது வீட்டில் வைத்து.'

"நான் வாசிக்கேக்க வீதி எண்டுதான் இருந்தது. அம்மாளாணை!"

அவன் கோப்பை அழித்தான். கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டான். விண்டோசில் அது இல்லை. லினக்ஸ் பக்கம் போனான். அதே இடத்தில் இருந்தது. மறுபடி அழித்தான். மறுபடி இருந்தது. இப்படியே மூன்றரை ஆகிவிட்டது.

"வெளிக்கிடுவம். படகேறிக் கிண்ணியாவில உங்கட கூட்டாளி ஹிஸ்புல்லா வீட்ட போவம்," என்றாள்.

அவன் திரையைக் காட்டினான். "இப்ப பாரும்."

'இறங்குதுறையில் வைத்து.'

"சரி, போகேல்லை," என்றாள் உடனே.

'எமது வீட்டில் வைத்து.'

யாரும் விசைகளைத் தொடவில்லை.

நான்கு மணி. தெருவில் ஒரு வாகனம் மெதுவாகப் போனது. நாய் குரைக்கவில்லை. நான்கு எட்டு. அதே வாகன இரைச்சல் திரும்பி வந்தது. நின்றது.

அவள் அவனுடைய தோளைப் பிடித்தாள்.

"நீங்கள் பின்மதிலால ஏறிப் போங்கோ. ஆரும் கூப்பிட்டால் நான் போய்க் கதைக்கிறன். பொம்பிளையை என்ன செய்யப் போறாங்கள்?"

சொல்லி முடித்தபோது அவனுடைய தோள் இறுகியது. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் பார்த்தாள்.

'எனது மனைவி பூரணி, வயது 36.'

"வேண்டாம்," என்றான். "நீர் போக வேண்டாம்."

எழுத்துக்கள் மாறவில்லை. அவன் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். விசிறி நின்றது. திரை கறுத்தது. இனி ஒன்றையும் பார்க்க ஏலாது.

நான்கு பதினைந்து.

"பூரணி அக்கா."

படலைக்கு வெளியே ஒரு பெண்குரல். அழுது களைத்த குரல்.

"பூரணி அக்கா, ஒரு மனு அடிக்கோணும். என்ர பிள்ளையைக் காணேல்லை."

எத்தனையோ தாய்மார் அப்படித்தான் கூப்பிட்டிருந்தார்கள். பூரணி யன்னலை ஒரு விரல் அகலம் திறந்தாள். படலைக்குக் கீழே நிலம் தெரிந்தது. சேலைக்கரையைக் காணவில்லை. செருப்புக் கால்களும் இல்லை.

நான்கு சோடி சப்பாத்துகள். அசையாமல். வீட்டைப் பார்த்தபடி.

"அக்கா," என்று அந்தக் குரல் விம்மியது. "திறவுங்கோ அக்கா."