மஞ்சள் ஸ்வெட்டரின் பை

அந்தச் சட்டை சூடாக இருந்தது.

இஸ்திரிச் சூடு இல்லை, உடம்புச் சூடு. யாரோ இப்போதுதான் கழற்றிக் கொடுத்த மாதிரி. மூன்று நாளாக விடாத மழை, பழந்துணிக் கிடங்கின் தகரக் கூரை ஓயாமல் இரைந்தது, மதியத்திலேயே விளக்கு போட்டாயிற்று, பிரித்த மூட்டைகளிலிருந்து பூஞ்சை வாடையும் எவருடையதோ பழைய சென்ட் வாடையும் கிளம்பி அவள் தொண்டையில் உட்கார்ந்துகொண்டன.

"அக்கா, இதைத் தொட்டுப் பாருங்களேன். சுடுது."

எதிர்மேசைக்காரி சிரித்தாள். "ஆறு மாசமா மூட்டைக்குள்ள கிடந்த துணிக்குக் காய்ச்சலா? வீட்டுல உன் பொண்ணுக்கு அடிக்கிற காய்ச்சல் உன் தலைக்கு ஏறிடுச்சு. வேலையைப் பாருடி."

பார்த்தாள். முதலில் பைக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டும், ஒரு ஆணி இருந்தாலும் மெஷின் பல் போய்விடும். பிறகு பித்தான், ஜிப்பை வெட்டி பெல்ட்டில் போட வேண்டும். பெல்ட்டின் கோடியில் மெஷின் எல்லாவற்றையும் கிழித்துப் பஞ்சாகத் துப்பும். பஞ்சு மறுபடி நூலாகும் என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். நைலான் கலந்தது எதுவும் நூலாகவில்லை. பின்கட்டில் மலையாகக் குவிந்து கிடந்தது. ஒரு மூட்டை தீர்வதற்குள் பத்து வந்து இறங்கின. இதற்கு விடிவே கிடையாது என்று அவளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது.

அடுத்த பாவாடையும் சூடு. அதற்கடுத்த கால்சட்டையும். பயத்தில் கை தன்பாட்டுக்கு வேகமெடுத்தது. ஏதோ மஞ்சளாக ஒன்று வந்தது, பைக்குள் கைவிடாமலேயே ஜிப்பை வெட்டி பெல்ட்டில் போட்டாள்.

போன் அடித்தது. கணவன்.

"புள்ள அங்க வந்துட்டாளா?"

"காய்ச்சல்ல கிடக்கிறவ எப்படிங்க வருவா?"

"போர்வைக்குள்ளதான் படுத்திருந்தா. விலக்கிப் பாத்தா ஆளைக் காணோம். நீ கொண்டாந்த ஸ்வெட்டரும் இல்ல."

திங்கட்கிழமை, சாப்பாட்டுப் பையில் ஒளித்து எடுத்துப்போன ஸ்வெட்டர். மஞ்சள். மேஸ்திரி பார்த்துவிடுவாரோ என்ற அவசரத்தில் அதன் பைக்குள் மட்டும் அவள் கைவிட்டுப் பார்க்கவில்லை. நேற்று முழங்கைக் கிழிசலை நீல நூலால் தைத்தாள்.

பெல்ட்டைப் பார்த்தாள். தூரத்தில் மஞ்சள். முழங்கையில் நீலம்.

ஓடினாள். போன் எங்கோ விழுந்தது.

"நிறுத்துங்க! மெஷினை நிறுத்துங்க!"

மழை இரைச்சல். யாரும் திரும்பவில்லை. எட்டிப் பிடித்தாள். கை பைக்குள் போனது.

உள்ளே விரல்கள்.

சின்ன விரல்கள். காய்ச்சல் சூடு. ஒன்றில் அவள் காலையில் ஒட்டிய பிளாஸ்திரி. தூக்கத்தில் பிடிப்பது போலவே அவள் ஆள்காட்டி விரலை இறுகப் பிடித்துக்கொண்டன.

இழுத்தாள். வரவில்லை.

ஸ்வெட்டரின் மறு கை பல்லுக்குள் போய்க்கொண்டிருந்தது.