எல்லாம் இரண்டு

காலையில் வாங்கியது ஒரு பால் பாக்கெட். ஃபிரிட்ஜில் இரண்டு இருந்தன. இரண்டாவதைத் தொட்டதுமே காளீஸ்வரிக்குக் குமட்டியது. உறை உப்பி, விரல் பட்ட இடமெல்லாம் பிசுபிசுத்து, திரிந்த பாலின் புளித்த வாடை மூக்குக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. சீ, என்ன கண்றாவி இது! எறியப் போனாள். குப்பைக்கூடையும் இரண்டு.

குளியலறையில் மாரிசெல்வம் சுதி சேராமல் பாடிக்கொண்டிருந்தான். கல்யாணமாகி எட்டு மாதம். அந்தக் கர்ண கடூரக் குரல் கேட்காவிட்டால் அவளுக்குக் காலை விடிந்ததாகவே இருக்காது.

கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு லேப்டாப் முன் உட்கார்ந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கம்பெனியின் குளிரூட்டும் தொட்டிகளைக் கவனிக்கும் கம்ப்யூட்டர்களை, ராஜபாளையத்தில் இருந்தபடியே பார்த்துக்கொள்வது அவள் வேலை. எந்தக் கம்ப்யூட்டர் எத்தனை வேண்டும் என்று ஃபைலில் எழுதி ஓடவிட்டால், எழுதியபடி உண்டாகும். எண்ணிக்கையைக் குறைத்தால் அழியும். எழுதிப் பார்க்க டெவ், ஒத்திகைக்கு ஸ்டேஜிங், நிஜத் தொழிலுக்குப் புரொடக்‌ஷன் என்று மூன்று இடங்கள். புரொடக்‌ஷனில் மட்டும் எல்லாமே இரண்டு. ஒன்று படுத்துவிட்டால் மற்றது பாலைக் காப்பாற்றும். குறைக்கும்போது பழையது போகட்டும், புதியது இருக்கட்டும் என்ற விதியையும் அவளே எழுதி வைத்திருந்தாள்.

இன்று பட்டியலில் நான்காவதாக ஒரு பெயர்: வீடு.

நேற்று அவள் போட்டதுதான். வெப்பம் அளக்கும் புதுப் பெட்டியை அடுக்களையில் வைத்துச் சோதிக்க வேண்டியிருந்தது. புதிதாக எழுத அலுப்புப்பட்டு, புரொடக்‌ஷன் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து, இடம் என்பதற்கு நேரே வீட்டு முகவரியைத் தட்டிவிட்டாள். எண்ணிக்கையை மாற்ற மறந்துபோனாள்.

திறந்து பார்த்தாள். அவள் எழுதாத வரிகளெல்லாம் இருந்தன. பால் பாக்கெட், இரண்டு. குப்பைக்கூடை, இரண்டு. கடைசி வரியை இரண்டு முறை படித்தாள்.

மாரிசெல்வம், இரண்டு.

குளியலறையில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. படுக்கையறையில் கட்டில் கிறீச்சிட்டது.

"ஏட்டி, கெளம்பலையா?"

அவன் குரல்தான். ஆனால் தொண்டையில் சளி கொழகொழக்க, உள்ளேயிருந்து வந்தது. கூடவே அந்த வாடை.

கம்பெனியில் உடன் வேலை பார்க்கும் பாண்டிசெல்விக்குப் போன் போட்டாள்.

"செல்வி, வீடுன்னு ஒண்ணு போட்டேன்ல, அதுல எல்லாம் ரெண்டு ரெண்டா வருது."

"ஒண்ணுன்னு மாத்தி ஓடவிடுங்கக்கா, செத்த நேரத்துல சரியாயிரும். இதுக்குப் போயி எதுக்கு அழுவுதீக?"

படுக்கையறைக் கதவின் கைப்பிடி திரும்பியது. ஈரமான பாதம் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். இரண்டை அழித்து ஒன்று என்று தட்டினாள். அழிக்கச் சம்மதமா என்று கேட்டது. எப்போதும் வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் சம்மதம் கொடுப்பாள். இன்று படிக்கவில்லை. அழுத்தினாள்.

பாட்டு நின்றது.

தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

பழையது போகட்டும். புதியது இருக்கட்டும்.

"மாமா!"

ஓடிப்போய்க் குளியலறைக் கதவை இடித்துத் திறந்தாள். ஆள் இல்லை. தரையில் சோப்பு நுரை. இரண்டு பாதம் நின்ற இடம் மட்டும் நுரையில்லாமல்.

பின்னால் வாடை.

திரும்பினாள். மாரிசெல்வத்தின் சட்டை. அவன் கல்யாண மோதிரம். முகம் முழுக்க, ஆறிய பாலில் படிவது போல மஞ்சள் ஆடை. கண்ணில்லை. மூக்கில்லை. வாய் இருக்க வேண்டிய இடம் உப்பியது. கிழிந்தது. வெள்ளையாய்க் கட்டி கட்டியாய் வழிந்தது.

"வாட்டி, போவோம்."

அவள் கன்னத்தோடு கன்னம் வைத்தது. விலகியபோது, அந்த ஆடையில் பாதி அவள் முகத்தில் ஒட்டியிருந்தது.