மெதுவாக நடந்த கிளெம்

படச்சுருள் அளவுக்கு மீறித் தடித்திருந்தது. தன் கையால் கேமராவைச் சுழற்றி எடுத்த ஊமைப்படம் எத்தனை அடி என்று எல்வுட்டுக்குத் தெரியாதா? இது கூடுதல்.

ஹாலிவுட்டின் பட்டப்பகல் வெயிலில் எடிட்டிங் கொட்டகையின் தகரக் கூரை சடசடத்துக்கொண்டிருந்தது. ஜன்னல்களை மூடிய இருட்டில் ஒட்டுப்பசை நாற்றமும் வெராவின் சோப்பு வாசனையும் கலந்து மூச்சை அடைத்தன. வெரா அவன் மனைவி. படத்தை வெட்டி ஒட்டுவது அவள் வேலை. பதினோரு நாளுக்கு முன் செத்துப்போன கிளெமின் படத்துண்டுகளையே எந்நேரமும் தடவிக்கொண்டிருந்தாள்.

"போட்டுக் காட்டேன். அவன் மூஞ்சியப் பாத்தாலே எனக்குச் சிரிப்பு வந்துரும்."

"செத்தும் உன்னைச் சிரிக்க வைக்கிறானா?"

"உனக்கு ஏன் எரியுது?"

எரிந்தது. கோமாளி கௌபாயாக நடித்த கிளெம் குதிரையிலிருந்து விழும்போதெல்லாம் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கட்டிய புருஷனுக்காக ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. அவன் செத்த அன்று, விழுந்தபோது கால் சேணத்தில் மிதிக்கும் வளையத்தில் சிக்கிக்கொண்டது. குதிரை இழுத்துக்கொண்டு ஓட, கையை ஆட்டிக் கூப்பிட்டான். முதலில் பார்த்தவன் எல்வுட்தான். டைரக்டர் சொல்லும்வரை கேமராவை நிறுத்தக் கூடாது என்பது தொழில் வழக்கம். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு சுழற்றினான். அதுவும் மெதுவாக. மெதுவாகச் சுழற்றி எடுத்தால் திரையில் எல்லாம் குடுகுடுவென்று ஓடும். சாவுகூட வேடிக்கையாகிவிடும்.

இப்போது புரொஜெக்டரின் கைப்பிடியைச் சுழற்றினான். குதிரை பறந்தது. கிளெம் வெடுக்வெடுக்கென்று கையை ஆட்டியபடி இழுபட்டு மறைந்தான். வெரா சிரித்தாள்.

படம் அங்கே முடிய வேண்டும். முடியவில்லை.

புழுதிக்குள்ளிருந்து கிளெம் திரும்பி வந்தான். பின்னால் ஆட்களெல்லாம் குடுகுடுவென்று ஓட, அவன் மட்டும் நிதானமாக நடந்தான். உயிருள்ளவன் நடக்கிற வேகத்தில்.

எல்வுட் கையை எடுத்தான். கைப்பிடி நின்றது.

கிளெம் நிற்கவில்லை.

நின்ற படம் விளக்குச் சூட்டில் பற்றியிருக்க வேண்டும். பற்றவில்லை. கிளெம் எல்வுட்டைப் பார்க்கவேயில்லை. வெரா உட்கார்ந்திருந்த பக்கத்து நாற்காலியைப் பார்த்தான். கையை நீட்டினான்.

"வெரா, எழுந்திரு. வெளிய போயிடு!"

"சும்மா இருப்பா. இப்பத்தான் நல்லாருக்கு."

திரும்பினான். நாற்காலி காலி.

திரையில் வெரா. கிளெமின் தோளில் சாய்ந்திருந்தாள். எல்வுட் ஓடிப்போய் திரையை அறைந்தான். வெறும் துணி. இரண்டு கையையும் ஆட்டினான். கெஞ்சினான்.

அவள் அவனைப் பார்த்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வாய் அகலமாகத் திறந்தது. சத்தமே இல்லாமல், அவனைப் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தாள்.