கோதுமைக்கு அடியில்

மூடிக் கிடக்கும் சைலோவைத் தட்டினால் பதில் வரக்கூடாது. வந்தது.

அவள் கையிலிருந்த இரும்புக் கம்பியைத் தாழ்த்திக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்தாள். கப்பலிலிருந்து கோதுமையை உறிஞ்சும் குழாய்கள் தூரத்தில் இரைந்துகொண்டிருந்தன, மழைக்கு இருட்டிய பிற்பகல் வானத்தின் கீழே கன்வேயர் பெல்ட் கிறீச்சிட்டபடி ஓடியது, ஈரத்தில் புளித்த தானியத்தின் வாடையும் எலி மருந்தின் நெடியும் மூக்கைத் துளைத்தன. இத்தனைக்கும் நடுவே, தானியம் சேமிக்கும் அந்தக் கோபுரத்தின் கான்கிரீட் சுவரில் பதித்த எஃகுக் கதவுக்குப் பின்னால், டொக், டொக் என்று யாரோ பொறுமையாகத் தட்டினார்கள். அந்தத் துறைமுகத்தில் தட்டுவதுதான் சட்டம். இந்தக் கதவைத் திறந்து தானியத்தை பெல்ட்டில் விடுவதற்கு முன் கம்பியால் தட்ட வேண்டும். உள்ளே சுத்தம் செய்கிறவர்கள் இருந்தால் திரும்பத் தட்டுவார்கள். சத்தமே வராவிட்டால்தான் திறக்கலாம். ஆனால் இந்தக் கடைசி சைலோ மழைக்காலத்துக்கு முன்பே கழுத்து வரை நிரப்பி மூடப்பட்டது. உள்ளே ஆள் இருக்க வழியே இல்லை.

இன்னொரு முறை தட்டினாள். உடனே பதில். இந்த முறை கொஞ்சம் அருகில்.

"எங்களுக்கே ஓவர்டைம் இல்ல, உள்ள யாருக்குக் குடுத்தாங்களாம்?" என்று பின்னால் வந்து நின்று சிரித்தான் அவள் புருஷன். சைலோக்களுக்குள் கயிற்றில் இறங்கிச் சுவர் சுரண்டுகிறவன். உயரத்துக்காக எல்லோரும் அவனை ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். "எலியா இருக்கும். இங்க எலியெல்லாம் நம்மளவிட நல்லா சாப்பிடுது."

கப்பல் பக்கமிருந்து வந்த மேஸ்திரி சிரிக்கவில்லை. அவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

"உன்னை யாரு பாப்பா அங்க தட்டச் சொன்னது? அந்தக் கதவு என் பொறுப்புன்னு சொல்லியிருக்கேன்ல?"

"நீங்க கப்பல்கிட்ட நின்னீங்க. அதான் நான் போனேன். பதில் வந்துச்சுண்ணா."

"திரும்பத் தட்டினியா?"

பதில் வந்தது என்றதுமே அவர் அதைக் கேட்டதுதான் அவளை உறுத்தியது. என்ன சத்தம் என்று கேட்கவில்லை. உனக்கென்ன கிறுக்கா என்றும் திட்டவில்லை.

அண்ணனையும் புருஷனையும் தொடர்ந்து அவள் ஆபீஸ் நடைக்கு வந்தாள். அங்கே துறைமுகத்தின் பழைய படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. தினம் பார்ப்பதுதான். முதுகில் மூட்டை சுமந்த காலம், கொட்டகைக்குள் மலையாகக் குவித்து மண்வெட்டியால் அள்ளிய காலம், அப்புறம் சைலோக்கள். கடைசி சைலோவின் திறப்பு விழாப் படத்தில் அண்ணன் மீசை அரும்பிய முகத்தோடு கதவின் சக்கரத்தில் கை வைத்து நின்றார். பக்கத்தில் தோளில் கை போட்டபடி சுத்தம் செய்யும் ஆட்கள். அதற்கடுத்த எந்தப் படத்திலும் அவர்களில் ஒருவர்கூட இல்லை. இத்தனை வருஷமாக இது கண்ணில் படவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"அண்ணா, தட்டுற வழக்கம் ஆரம்பத்துலேருந்தே இருக்கா?"

"இல்ல. பின்னாடி வந்தது."

"எதுக்குப் பின்னாடி?"

குளிர்காற்றில் நின்றுகொண்டு அவர் நெற்றியைத் துடைத்தார். "மேல கோதுமை பாறையா இறுகிப் போச்சு. மாப்பிள்ளை இறங்கி உடைக்கணும். இன்னிக்கே."

ஏன் இன்றைக்கு? ஏன் இவன்? அண்ணனைப் போய்ச் சந்தேகப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

"போகாதீங்க," என்று புருஷனின் சட்டையைப் பிடித்தாள்.

"உங்கண்ணன் பேச்சைத் தட்டினா நாளைக்கு நீதான் என்னைக் குறை சொல்லுவ. கீழ நின்னு தட்டிக்கிட்டே இரு. நான் பதில் குடுத்தா நல்லா இருக்கேன்னு அர்த்தம். போதுமா?" கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய் சைலோ உச்சிக்கு ஏறினான். அண்ணன் பின்னாலேயே போனார்.

அவள் எஃகுக் கதவுக்குத் திரும்பித் தட்டினாள். பதில் வந்தது. அப்பாடா என்றிருந்தது. மறுபடி தட்டினாள். டொக், டொக். தலையைக் கதவில் சாய்த்துக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். தட்டினாள். பதில். கதவு ஜில்லென்று இருந்தது.

இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது. புருஷன் குரல்.

"கயிறு சிக்கிடுச்சும்மா. இப்பதான் கட்டி முடிச்சேன். இனிமேதான் இறங்கணும்."

டொக், டொக்.

"இறங்காதீங்க! ஐயோ, இறங்காதீங்க!"

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அவன் சிரிக்கிற சத்தம்.

"அட, நீ எப்படி உள்ள வந்த? இரு, அங்கேயே நில்லு. வரேன்."

கம்பி கீழே விழுந்தது. ஓடினாள். இரும்புப் படிகள். மூச்சு முட்டியது. தூசி. முழங்கால் இடித்தது. எழுந்தாள். ஏறினாள்.

உச்சியில் ஆள் இறங்கும் துளை திறந்திருந்தது. கயிறு விறைத்து உள்ளே போயிருந்தது. அண்ணன் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். கையில் கத்தி.

"கேக்காதே பாப்பா. கீழ போ. அன்னிக்கு அவங்க உள்ள இருக்கும்போதே நான் கதவைத் திறந்துட்டேன். ஒருத்தன் போனா கொஞ்ச நாள் சும்மா இருப்பாங்க."

அவரைத் தள்ளினாள். கயிற்றைப் பற்றினாள். குனிந்தாள்.

கோதுமை. சமமாக. ஒரு காலடித் தடம்கூட இல்லை. கயிறு அதற்குள் நேராக இறங்கியிருந்தது.

இழுத்தாள். கனத்தது. ஓர் ஆளின் கனம் இல்லை.

கோதுமை மேடிட்டது. ஓரிடத்தில். பக்கத்தில் இன்னோரிடத்தில். பிறகு எங்கும். தோள்கள் எழுந்தன. தலைகள் எழுந்தன. ஒரு மணிகூட உதிராமல், தோலே கோதுமையாக. எல்லோர் கையிலும் கயிறு இருந்தது.

புருஷன் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

எல்லா முகங்களும் அவளைப் பார்த்து நிமிர்ந்தன. எல்லாம் அவனுடைய உயரம். எல்லாம் சிரித்தன.