தாழ்தூண்களின் வழியே ஒரு கார்

தாழ்தூண் இடுப்பளவு உயர்ந்து நின்றது. கோகிலவாணி பிரேக்கை மிதித்தாள். தூணின் உச்சியில் இருந்த சின்ன விளக்கு சிவந்தது. "வணக்கம். நீங்கள் பீளமேட்டு இதழைச் சேர்ந்தவர். ஆர்.எஸ்.புரத்து இதழுக்குக் காரில் போக வெளிவட்டச் சாலையைப் பயன்படுத்துங்கள். நடந்து போனால் இப்படியே நேராகப் போகலாம்" என்றது உள்ளிருந்து ஒரு கனிவான குரல்.

"எனக்கே நீ வழி சொல்றியா?" என்று கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டாள். தூணோடு மல்லுக்கு நிற்பது அவளுக்குப் புதிதல்ல. பக்கத்து பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இடம் முன்பெல்லாம் அவள் கார் நிறுத்துகிற இடம். அது வேறு அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

கோவை நகரத்தைப் பூ மாதிரி ஆறு இதழ்களாகப் பிரித்திருந்தார்கள். ஓர் இதழுக்குள் கார் எங்கும் போகலாம், வரலாம். அடுத்த இதழுக்கு நேராகத் தாண்ட முடியாது. ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கால்நடையாகவோ சைக்கிளிலோ மின்தொடர்வண்டியிலோ வருகிறவர்களுக்குத் தடையே இல்லை. இதழ்களின் எல்லையெங்கும் தரைக்குள் தாழ்தூண்கள் புதைந்திருந்தன. யார் வந்தால் எழ வேண்டும், யார் வந்தால் தாழ வேண்டும் என்று அவற்றுக்குச் சொல்லித் தருவது 'வழிமதி' என்ற இயந்திர மூளை.

திட்டம் வந்த நாள் முதலாக ஊர் இரண்டாகிவிட்டது. சாலையோர வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்க முடிகிறது என்று கொண்டாடினார்கள். மாப்பிள்ளைக்குக் கார் வாங்கிக் கொடுத்த மாமனார்கள் நொந்துபோனார்கள். ஒரே வீட்டில் புருஷன் ஆதரவு, பெண்டாட்டி எதிர்ப்பு என்று அடுப்படி வரைக்கும் சண்டை போனது. கோகிலவாணி வீட்டிலும் அதே கதைதான். அவள் கார் உரிமைச் சங்கத்தின் தலைவி. அவள் கணவர் செல்வநாயகமோ காலையில் நடந்துபோய்க் காய் வாங்கிவந்து, "ரோடு எத்தன சுத்தமா கெடக்குது தெரியுமா?" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லுகிற மனிதர்.

அவருக்குப் புரியாதது ஒன்று உண்டு. பம்ப்செட் பட்டறை வைத்து, பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்டவர்களின் நடுவே தலையெடுத்து, சொந்தக் காசில் அவள் வாங்கியது அந்தப் புளியங்கொட்டை நிறக் கார். அதில் ஏறி ஆர்.எஸ்.புரம் கடைவீதியில் போய் இறங்கிய அன்றுதான் ஊர் அவளை "மேடம்" என்றது. அந்தக் கார் இன்று பீளமேட்டுக்குள்ளேயே கன்றுக்குட்டி போல வட்டமடிக்கிறது. அவளுக்கு அது கார் சமாச்சாரமே இல்லை, தன்னைப் பிடித்துக் கட்டிப்போட்டது போலத்தான் இருந்தது.

அதனால்தான் ஆனி மாதம் திட்டத்தைப் பற்றி நடந்த பொதுக்கூட்டத்தில் ஆவேசம் வந்து சபதம் போட்டுவிட்டாள். "ஆடி முடியறதுக்குள்ள எங்கூட்டு வாசல்ல இருந்து நேர்வழில ஆர்.எஸ்.புரம் வரைக்கும் என்ற காரை ஓட்டிக் காட்டறேன். முடியலைன்னா தலைவர் பதவியும் வேண்டாம், காரும் வேண்டாம். நகர அமைப்புத் துறைக்கே எழுதிக் குடுத்துடறேன்."

அதே மேடையில் திட்டத்தின் பொறியாளர் ஜெசிந்தா இருந்தாள். தூண்களுக்கு அவள்தான் தாய். சின்ன வயசு, பதறாத பேச்சு. "விதியை மீறாம ஓட்டிட்டீங்கன்னா, அந்த வழியில இருக்கற தூணையெல்லாம் நானே நின்னு புடுங்கிடறனுங்க" என்றாள். கூட்டம் கைதட்டியது. வழிமதியை ஏமாற்ற முடியாது என்பதில் அவளுக்கு அத்தனை நம்பிக்கை.

ஆடி பாதிக்கு மேல் போய்விட்டது. கோகிலவாணி காரை லாரியில் ஏற்றிப் பார்த்தாள். தூண் லாரியை மறித்தது. மழைத் தண்ணீரில் ஓட்டிப் பார்த்தாள். தூண் தண்ணீருக்கு மேலே தலை நீட்டியது. பேக்கரிகளில் அவள் காரை யாருக்கு ஏலம் விடுவார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. சங்கத்துச் செயலாளர், கார் கழுவும் நிலையம் வைத்திருந்த பழனிகுமார், அவள் முகத்தைப் பார்ப்பதையே தவிர்த்தான்.

அந்த நிலையில்தான் மாரியம்மன் பூச்சாட்டுத் திருவிழா வந்தது. ஜமாப் மேளக்காரர்கள் அடித்து முன்னே ஆட, சப்பரம் டிராக்டரில் அசைந்து வந்தது. தூண்கள் வழிவிட்டு மண்ணுக்குள் போயின. கோகிலவாணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சப்பரத்துக்குப் பின்னால் விளக்குக்கும் மைக்குக்கும் மின்கலம் ஏற்றிய ஒரு டெம்போ வந்தது. அதற்கும் தூண்கள் எழவில்லை. கன்னத்தில் வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது.

மறுநாள் ஜெசிந்தாவின் மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். "சாமி வண்டிக்கு வழிவிட்டது சரி அம்மிணி. பின்னால போன டெம்போல என்ன சாமி இருந்துச்சு?"

ஜெசிந்தா விளக்கினாள். திட்டம் தொடங்கிய புதிதில் ஒரு சவ ஊர்வலத்தைத் தூண்கள் மறித்து, பெரிய ரகளையாகிவிட்டதாம். அதற்குப் பிறகு வழிமதிக்கு ஒரு பாடம் புகட்டினார்கள். வண்டிக்குள் இருப்பவர்களைவிடப் பல மடங்கு ஆட்கள் அதைச் சுற்றி நடந்து வந்தால் அது போக்குவரத்து அல்ல, ஊர்வலம், மறிக்கக் கூடாது. "உள்ள இருக்கறது சாமியா, பொணமான்னெல்லாம் அது பாக்காதுங்க" என்றவள் பாதியில் நிறுத்தினாள். எதிரே இருந்தவளின் கண்களில் வெளிச்சம் வந்துவிட்டிருந்தது.

"அப்ப உள்ள நானிருந்தாலும் பாக்காதில்ல?"

விதி ஜெசிந்தாவே எழுதியது. "பாக்காதுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பீளமேடு கண்ட கூட்டத்தை எந்தக் கட்சியும் கூட்டியதில்லை. சங்கத்தார் அத்தனை பேரும் தங்கள் கார்களை ஷெட்டில் விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்கள். பழனிகுமார் ஜமாப் செட்டையே பிடித்து வந்துவிட்டான். காருக்குச் சாமந்தி மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கோகிலவாணி தன்னந்தனியாக ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள்.

முதல் தூண் இடுப்பளவு நின்றது. ஜமாப் நெருங்கியது. சனம் நெருங்கியது. விளக்கு ஒருமுறை சிமிட்டிப் பச்சையானது. தூண் மெல்ல மெல்லத் தாழ்ந்து தரையோடு தரையானது. அதன் மேல் கார் ஏறிப் போனபோது எழுந்த ஆரவாரத்தில் பேக்கரிக்காரர் கல்லாவை விட்டுவிட்டு ஓடிவந்து ஆட்டத்தில் சேர்ந்துகொண்டார். கோகிலவாணிக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை. ஆயுளில் இத்தனை சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

நவ இந்தியா தாண்டியும், லட்சுமி மில் தாண்டியும் தூண்கள் ஒவ்வொன்றாகத் தலை தாழ்த்தின. திட்டத்தை ஆதரித்தவர்கள்கூட மொட்டை மாடிகளிலிருந்து பூப்போட்டார்கள். நடந்தவர்களோ வெயிலையே மறந்துபோனார்கள். ஒரே தெருவில் இருந்தும் கார் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்துக்கொண்டவர்கள் தோளில் கை போட்டு வந்தார்கள். யாரோ மோர் கொடுத்தார்கள், யாரோ வெள்ளரிக்காய் நீட்டினார்கள். செல்வநாயகம் முன்வரிசையில் ஜமாப்புக்கு ஆடிக்கொண்டிருந்தார். கல்யாணமானதிலிருந்து அவர் ஆடி அவள் பார்த்ததில்லை. அவர் ஏதோ சொல்ல, சுற்றியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூடிய கண்ணாடிக்குள் அவளுக்கு அது என்னவென்று கேட்கவில்லை.

ஆர்.எஸ்.புரம் கடைவீதியில் அவள் இறங்கியபோது சங்கத்தார் அவளைத் தோளில் தூக்கினார்கள். ஜெசிந்தா முன்னமே வந்து காத்திருந்தாள். பின்னால் இரண்டு பணியாட்கள் கடப்பாரையோடு நின்றார்கள்.

"ஜெயிச்சுட்டீங்க. நான் சொன்ன சொல் மாறமாட்டனுங்க. நீங்க உம்னு ஒரு வார்த்தை சொன்னா இப்பவே புடுங்க ஆரம்பிச்சுடலாம். திரும்பிப் போறப்ப யாரும் கூட நடக்க வேண்டியதில்லை. நீங்க பாட்டுக்கு ஓட்டிட்டுப் போலாம்."

கூட்டம் கோகிலவாணியைப் பார்த்தது. அவள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். சாலை நிறைய ஆட்கள். பாதிப் பேர் நடுரோட்டில் சம்மணம் போட்டுத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பழனிகுமார் அவள் காதருகே வந்து, "அக்கா, அடுத்த ஞாயித்துக்கெழம என்ற வண்டிய எடுக்கலாமுங்களா? எங்க வீதிச் சனமெல்லாம் நடக்க வரேங்குது" என்றான்.

அவள் நெடுநேரம் யோசிக்கவில்லை.

"தூணப் புடுங்கிட்டா, அப்புறம் நம்மள பாத்துத் தல தாழ்த்தறதுக்கு யாரிருக்கா? அது இருக்கட்டும் அம்மிணி" என்றாள். கடப்பாரைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டம் அதையும் வெற்றியாகவே எடுத்துக்கொண்டு விசிலடித்தது.

திரும்பும் நேரம் வந்தபோதுதான் சிக்கல். காரை ஓட்ட ஆள் இல்லை. கோகிலவாணி செருப்பைக் கழற்றிக் காருக்குள் போட்டுவிட்டு, நடப்பதென்று தீர்மானித்துவிட்டாள். பழனிகுமார் ஜமாப்பை விட்டு வரமாட்டேன் என்றான். சங்கத்தில் ஒருவருக்கு முதுகுவலி, இன்னொருவர் மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை. ஊரெல்லாம் காருக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்களில் ஒருவர்கூட ஸ்டியரிங்கைத் தொடத் தயாராயில்லை.

"லைசென்ஸ் இருக்குதா அம்மிணி?" என்று கோகிலவாணி கேட்டாள்.

"இருக்குதுங்க" என்றாள் ஜெசிந்தா அப்பாவியாக. அடுத்த நிமிடம் சாவி அவள் கையில் இருந்தது.

ஊர்வலம் கிளம்பியது. கோகிலவாணி புருஷனோடு சேர்ந்து முன்னால் ஆடிக்கொண்டே போனாள். லட்சுமி மில் அருகே தூண் அவளைக் கண்டு தாழ்ந்தபோது அதற்கு மேல் போக மனமில்லாமல் அங்கேயே நின்று இன்னொரு சுற்று ஆடினாள். சனமும் நின்று ஆடியது. நேரம் போனது.

பின்னாலிருந்து காரின் ஹாரன் நீளமாக அலறியது.

ஜமாப் நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் வேர்த்து விறுவிறுத்துப்போய் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். ஹாரன்மேல் கை இன்னும் இருந்தது. "கொஞ்சம் ஓரமாப் போங்க, எத்தன நேரமுங்க ஒரே எடத்துல நிக்கறது?" என்று அவள் கண்ணாடியை இறக்கிச் சொன்னாள்.

கோகிலவாணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு காரின் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங் அம்மிணி, மனுசங்க நடக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா? அவசரம்னா வெளிவட்டச் சாலையில போறது."