வரைவு: இன்னும் வெளிவரவில்லை

கணினித் திரையில் அந்தச் சிவப்பு வரியைக் காணோம். சமையலறைக் கொடியில் துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள் யார் அழித்தது?

படுக்கையில் கிடப்பவர்கள் கைப்பேசியைத் தட்டினால் கதவைத் திறந்துவிடும் மென்பொருள் அது. நாலு பேர் சம்பளமில்லாமல் எழுதுவது, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். அடுத்த பதிப்பில் என்னென்ன புதிது என்ற குறிப்பை எழுதுவது ரக்ஷனாவின் தலைவிதி. செய்யாத வேலையையும் செய்தாயிற்று என்றே எழுதிவைப்பது இந்தத் தொழிலின் கெட்ட பழக்கம். அதனால்தான் உச்சியில், ‘வரைவு: இன்னும் வெளிவரவில்லை’ என்று சிவப்பில் போடுவாள். அது இல்லாவிட்டால் ஊரே நம்பித் தொலைக்கும்.

கூட எழுதும் சுஜீந்திரனைப் போனில் கூப்பிட்டுக் கத்தினாள்.

“நான் ஏன் எடுக்கப்போறேன் லா? எம்ஆர்டி ரயில்ல நிக்கிறேன். ஆமா, ‘உள்ளிருந்து கூப்பிட்டால் கதவு தானே திறக்கும்’னு போட்டிருக்கீங்க. அதுக்கு இன்னும் ப்ரோகிராமே எழுதலையே?”

“எழுதிடலாம்னுதான் போட்டேன்.”

வரியைத் திரும்பப் போட்டாள். கண்ணெதிரே அழிந்தது. மறுபடி போட்டாள். அழிந்தது.

புக்கிட் மேரா வட்டாரத்தின் மதிய மழை ஜன்னலை அறைந்துகொண்டிருக்க, தேக்கா சந்தையில் வாங்கிய மல்லிகை சாமிப்படத்தில் அழுகத் தொடங்கிய வாடையோடு, மென்பொருளைச் சோதிக்க அவளே மின்பூட்டு மாட்டியிருந்த சாமான் அறையின் இரும்புக் கதவுப் பக்கமிருந்து ஈரத் துருவின் நெடியும் வந்தது. உள்ளே அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும்தான் கிடந்தன. அங்கிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

 அடுத்த அறையில் மூன்று வயது மகள் ரோஷினி தூங்குகிறாள்.

“வா,” என்றது உள்ளே.

பூட்டு பச்சையாக மின்னியது. கதவு மெல்ல நகர்ந்தது. இருட்டு. இன்னும் கொஞ்சம் இருட்டு.

ஐயோ, அந்த வாக்கியம்தான்! கதவுக்கு முதுகைக் காட்டிக் கணினியில் அதைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. பூட்டு சிவந்தது. நிம்மதியில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மகளைப் பார்க்க ஓடினாள். கட்டில் காலி. போர்வை சூடாக இருந்தது.

“அம்மா!”

இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து.

“அம்மா, இருட்டா இருக்கு!”

“இதோ வந்துட்டேன்டா தங்கம்!”

கைப்பிடி அசையவில்லை. கணினிக்கு ஓடி வாக்கியத்தைத் திரும்ப அடித்தாள். உச்சியில் சிவப்பு வரி தானே வந்து உட்கார்ந்திருந்தது. அழித்தாள். போகவில்லை. அழித்தாள். போகவில்லை.

அது இருக்கும்வரை வாக்கியம் வெறும் வரைவு. கதவு அதைக் கேட்கவில்லை.

உள்ளே குழந்தை வீறிட்டது. ரக்ஷனா கதவை அறைந்தாள். தோள் கொடுத்து இடித்தாள். நகம் பிய்ந்தது.

“அழாதடா தங்கம்,” என்றது உள்ளே, அச்சு அசலாக ரக்ஷனாவின் குரல். “அம்மா இங்கதான் இருக்கேன். வெளிய யாரோ கதவ இடிக்கறாங்க. நீ பேசாம இரு.”

ரோஷினி அழுகையை நிறுத்தினாள்.