சுவை என்ற கட்டம்

மலை முகாமில் அன்று காலை மூன்று பேர் இருந்தார்கள். மேசையின் தலைப்பக்கம் பேராசிரியர் பொன்சியானோ. சன்னலோரம், வந்து மூன்றே வாரமான டெல்ஃபின். உலர்த்தும் பெட்டியில் முதுகை ஒட்டிக்கொண்டு, பன்னிரண்டு வருடமாக இந்த மிண்டானாவோ தீவு மலையில் காளான் கணக்கெடுக்கும் கிரெசென்சியா. நடுவில், கவிழ்த்த கண்ணாடிக் கிண்ணத்துக்குள் டெல்ஃபின் பறித்துவந்த சாம்பல்நிறக் காளான். ஒரே இரவில் வித்துத்தூளைக் கொட்டி ஓய்ந்திருக்க வேண்டிய குடை, மூன்றாம் நாளும் கறுப்புத் தாளின்மேல் வெள்ளையாக உதிர்த்துக்கொண்டே இருந்தது.

"புது இனம்தான்," என்றார் பேராசிரியர். "கண்டெடுத்தவன் பேரையே வச்சிடலாம்."

டெல்ஃபின் சிரித்தான். "அக்கா, நீங்க தினம் செருப்பை உதறுவீங்களே, அந்தக் கட்டைக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு!"

"பல்லைக் காட்டாதே. காபி ஆறுது, குடி," என்றாள் கிரெசென்சியா.

பன்னிரண்டு வருடம் ஆகியும் அவள் பெயரில் ஒரு பூஞ்சணம்கூடக் கிடையாது.

இன்னொன்று கிடைக்குமா என்று தேடி ஆண்கள் இருவரும் மேலே போனார்கள். அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதுவது அவள் வேலை. மதியம் சுமைகாரர் ருஃபோ வந்து தபாலை எடுத்துப் போவார்.

மூடுபனி சன்னலை அடைத்தது. ஈரமண் வாசனையும் கருவாட்டு வாசனையும் கலந்த அறையில், காளானோடு கட்டிய சீட்டை எடுத்துப் பார்த்தாள். நிறம், மணம் எல்லாம் டெல்ஃபின் எழுதியிருந்தான். சுவை என்ற கட்டம் மட்டும் காலி. துணுக்கை நாக்கில் வைத்து உடனே துப்பிவிடுவது இந்தத் தொழிலின் வழக்கம். பயந்தாங்கொள்ளி, அதைக்கூடச் செய்யவில்லை.

சீட்டைக் கிழித்தாள். புதுச் சீட்டில், கண்டெடுத்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். அவன் விட்டதையும் நிரப்பிவிட்டால் யார் கேட்பது? ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். துப்பினாள்.

'இனிப்பு' என்று எழுதினாள்.

கடிதத்தை முடிக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. யாரோ மாவு சலிப்பதுபோல, மிக மெல்ல. கிண்ணத்தில் காதை வைத்தாள். அங்கே இல்லை. பெட்டியிலும் இல்லை. மூச்சை அடக்கினாள்.

சத்தம் நிற்கவில்லை.

வாய்க்குள் விரலை விட்டாள். நாக்கின் அடியில், காளான் குடைக்கு அடியில் இருப்பதுபோல மடிப்புகள். மெல்லியவை. அடுக்கடுக்காக. விரல் வெள்ளையாக வெளியே வந்தது.

"அக்கா! தபால் ரெடியா? மழை வருது!"

ருஃபோ. சொன்னால் முதுகில் சுமந்தாவது வைத்தியரிடம் கொண்டுபோவார். சொன்னால், எதைத் தின்றாள், யாருடையது, எல்லாம் வெளியே வரும்.

உறையின் விளிம்பை நாக்கால் நனைத்து ஒட்டினாள். நீட்டினாள்.

"என்னக்கா, வாயில கொழுக்கட்டையா?" விளிம்பில் படிந்திருந்த வெள்ளையைக் கட்டைவிரலால் துடைத்தார். அதே விரலை நாக்கில் தொட்டுத் தபால் பதிவேட்டைப் புரட்டினார். "இங்க ஒரு கையெழுத்து." சப்புக்கொட்டினார். "தித்திக்குதே!"

அவள் தன் பெயரை முழுதாக எழுதிக்கொடுத்தாள்.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நாக்கால் உதட்டைத் துழாவியபடி, ருஃபோ ஊர்ப்பக்கம் இறங்கினார்.